அளவு நாள்

தோணியின் முன்பக்கத்தில் கவிழ்ந்து படுத்தபடி புட்டியம்மா புட்டியை ஆற்றுநீரில் மூன்றாம் முறையாக அலசிக் கொட்டினார். பிறகு அதன் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முழங்கை மறையும் ஆழத்துக்கு இறக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்தார். பின்பக்கத்தில் மண்டியிட்டிருந்த தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாகப் பிடித்து, தோணியை நகரவிடாமல் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் தோணி திரும்பிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

இருவரும் ஆற்றுக் காவல் அலுவலகத்து ஆட்கள். காவல் என்றதும் தொப்பியும் துப்பாக்கியும் நினைவுக்கு வந்தால் அதற்கு அலுவலகம் பொறுப்பல்ல. அவர்களுக்குக் கொடுத்திருப்பது இரண்டு பேர் உட்காரும் ஒடுக்கமான தோணி, ஐஸ் பெட்டி, மூன்று டஜன் புட்டி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவை எண்ணாகக் காட்டும் மீட்டர் ஒன்று. அவ்வளவுதான். மோட்டார் படகு கிடையாது. மோட்டார் ஓடினால் அடிச்சேறு கலங்கும், எண்ணெய் சிந்தும், அளவு பொய்யாகிவிடும். புட்டியம்மா பதினேழு வருஷமாகப் புட்டி பிடிக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் அலுவலகத்துக்கே ஞாபகம் வரும். தோணிக்காரர் ஒப்பந்த ஆள் என்பதால் அந்தப் பட்டியலிலும் இல்லை.

புட்டியம்மா மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் படித்தார்.

"ஆறு புள்ளி ரெண்டு."

"போன மாசம் எவ்வளவுக்கா?"

"அதே ஆறு புள்ளி ரெண்டு. பதினோரு மாசமா ஒரே பல்லவி." சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டியில் ஒட்டினார். மையால் எழுதினால் ஈரத்தில் கரைந்துவிடும். "ஆறுன்னா ஏறும், இறங்கும். இது என்னடான்னா பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி சொல்லுது."

எதிரே கரையில் காகித ஆலையின் கழிவுக் குழாய் இருந்தது. ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். அதன் வாய் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் சிமெண்டு மேடையும், மேடைமேல் வால்வுச் சக்கரமும் இருந்தன. ஆள் யாரும் இல்லை.

"இவ்வளவு பெரிய ஆலை ஒரு சொட்டு விடுதா பாரு. தவம் பண்றாங்க போல," என்றார் புட்டியம்மா. "நாளைக்குப் பாரு, ஊருக்குத் தண்ணி எடுக்கிற பம்புகிட்ட மீன் மல்லாந்து கிடக்கும். என் வீட்டுக் குழாயில அழுகின முட்டை நாத்தம் வரும்."

காரணம் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆலைக்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே பதினோரு மாதத்துக்கு முன் ஒரு மிதவைச் சங்கிலி கட்டியிருந்தார்கள். நீர்ச்செடிகள் வந்து ஆலையின் படகுத்துறையை அடைக்காமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார்கள். பூட்டின் சாவி ஆலை வாசலில் இருந்தது. அளவு நாளில் அலுவலகம் ஒரு மணி நேரம் முன்பே போன் செய்து சங்கிலியைத் திறக்கச் சொல்லும். சங்கிலி திறக்கும் முன்பே வால்வு மூடிவிடும். திருடனுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திருட்டைப் பிடிக்கப் போவதுபோலத்தான் வேலை நடந்துகொண்டிருந்தது.

புட்டியம்மா குரலைத் தாழ்த்தினார். "விதிப் புஸ்தகத்தை முழுசாப் புரட்டிட்டேன் தம்பி. எந்த நாள் வேணும்னாலும் அளவெடுக்கலாம். போன் பண்ணணும்னு ஒரு வரி இல்ல. பூட்டு இருக்கிறதாலதான் போன். தோணியைத் தூக்கிக்கிட்டுக் கரையோரமா நடந்து சங்கிலியைத் தாண்டிட்டா?"

"முப்பத்தஞ்சு கிலோ இருக்குக்கா."

"நீ தோணியைத் தூக்கு. நான் புட்டியைத் தூக்கறேன். பாதிப் பாதி."

"எப்ப?"

"இன்னைக்குத் திங்கள். வியாழக்கிழமை காலையில. ஆபீஸ் பெரியவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

தோணிக்காரர் சரி என்று தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் தங்கை வீட்டு நினைப்பு வந்தது. அவருடைய தங்கை வீட்டுக்காரர் அந்த ஆலையில் வேலை பார்க்கிறார் என்பது புட்டியம்மாவுக்குத் தெரியும். என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. காலை முறையில் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவர் அந்த மாப்பிள்ளைதான்.

அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். பின்பக்கத்துக் குழாய் மட்டும் பொது. மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது பேன்ட் முழங்கால்வரை பழுப்பாகக் கறை பிடித்திருக்கும். தங்கை அதைத் தனி வாளியில் போட்டு ஊறவைப்பாள். அளவு நாளில் மட்டும் மடிப்புக் கலையாமல் வருவார். "இன்னைக்கு உன் அளவு நாளாண்ணா? இவர் ஆபீசராட்டம் வந்திருக்கார்," என்று தங்கை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். இவர் சிரித்து வைப்பார். பதினோரு மாதத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான். சொந்தம் நிலைக்க வேண்டுமானால் சில கதவுகளைத் தட்டக்கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தோணிக்காரர் காலி வாளியுடன் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டா என்ன?"

"எதுக்கு மச்சான்?"

"தங்கச்சிக்குக் கையில அரிப்புன்னு சொன்னீங்களே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அது ஒரு மாசமா இருக்கு."

"அதான் சொல்றேன். ஒரு மாசம் ஆயிடுச்சே."

வாளி நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை குழாயை மூடவில்லை. கையிலிருந்த தேய்ப்புக் கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"நாளைக்கு வியாழன்தானே?"

"ஆமா."

"உங்க அளவு நாள் திங்கட்கிழமையே முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சுபோச்சு," என்றார் தோணிக்காரர். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து குழாயை மூடினார். "பார்க்கலாம் மச்சான்," என்று சொல்லிவிட்டு ஈரக் காலோடு உள்ளே போனார்.

சொன்னது சரியா தப்பா என்று தோணிக்காரருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை ஆலைக்குத் தகவல் கொடுத்தால் குழாய் காய்ந்து கிடக்கும், புட்டியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. கொடுக்காமல் வேலைக்கும் போய்விட்டால் கையும் களவுமாக மாட்டுவது தங்கை புருஷன். லீவு போட்டால் நல்லது என்று நினைத்தார். அப்படியானால் சக்கரத்தில் வேறொருத்தன் நிற்பானே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அவன் எவனோ, நமக்கென்ன என்று அதை ஒதுக்கினார். ஒதுக்கியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மூன்றாவது பக்கமும் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாப்பிள்ளையின் சைக்கிள் எப்போதும் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கென்றால் தங்கை வீட்டில் இருக்க மாட்டாளே என்று தோன்றியது. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சங்கிலிக்குக் கீழே கரையில் இறங்கி, துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, தோணியைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் ஏற்றினார். கவிழ்ந்த தோணிக்குள் தலை போனதும் காலடிக்கு முன்னால் மூன்றடி மண் மட்டுமே தெரிந்தது. புட்டியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஐஸ் பெட்டியோடு முன்னால் நடந்து வழி சொன்னார்.

"இடது பக்கம் முள்ளு. குனி. இன்னும் குனி. நாம பண்றது திருட்டு வேலை இல்ல தம்பி, கால் ஏன் இப்படி நடுங்குது?"

"கனம்க்கா."

"மடியில கனமா, தலையில கனமா?"

சேறு கணுக்கால்வரை இழுத்தது. இருநூறு தப்படிதான். ஆலைச் சுவரை ஒட்டி அதைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனது. கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் தோணிக்குள் வந்து தேங்கியது. அப்படியானால் மாப்பிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு நொடி நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே சைக்கிள் இல்லாத இடம் ஞாபகத்துக்கு வந்தது.

தோணியை மெல்ல நீரில் விட்டு ஏறினார்கள். துடுப்பால் மூன்று வலி வலித்ததும் குழாய் கண்ணுக்கு நேரே வந்தது. கருப்பான தண்ணீர் குழாயின் வாய் நிறையக் கொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் பழுப்பு நுரை தோணியின் விளிம்பு உயரத்துக்கு எழுந்து, துண்டு துண்டாக உடைந்து ஊர்ப் பக்கம் போனது. துடுப்பை எடுத்தபோது அதில் கோந்துபோல ஒட்டி வந்தது. புட்டியம்மா மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு மீட்டரை விட்டார்.

"புள்ளி எட்டு," என்றார். "ஆறு எங்க, புள்ளி எட்டு எங்க. மீன் எப்படித் தம்பி மூச்சு விடும்?"

தோணிக்காரர் மீட்டரைப் பார்க்கவில்லை. மேடைமேல் நீலச் சட்டை போட்டு ஒருவர் நின்றிருந்தார். இரண்டு கையும் சக்கரத்தின் மேல் இருந்தன. தோணியைப் பார்த்தார். வலது பக்கம் பத்துச் சுற்று சுற்றினால் குழாய் நின்றுவிடும், புட்டியம்மா அப்போதுதான் முதல் அலசலில் இருந்தார். மாப்பிள்ளை சுற்றவில்லை. கைகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து மார்புக்குக் குறுக்கே கட்டி, அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார்.

புட்டியை நிரப்பி நிமிர்ந்த புட்டியம்மா மேடையைப் பார்த்தார், திரும்பித் தோணிக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"யாரு தம்பி அது?"

"தங்கை வீட்டுக்காரர்."

புட்டியம்மா புட்டிக்கு மூடி போடாமல் அதைத் தோணிக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். கவிழ்ப்பதற்கு மணிக்கட்டைத் திருப்பினால் போதும்.

"பதினேழு வருஷத்துல ஒரு புட்டி தவறி விழுந்தா யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. நீ சொல்லு."

தோணிக்காரருக்குத் தங்கையின் கை ஞாபகம் வந்தது. முழங்கைவரை சிவந்து தடித்திருக்கும், பழுப்புக் கறை பேன்ட்டைத் துவைக்கும் கை. ஊறவைக்கிற தண்ணீரும் பம்பிலிருந்து வருகிற இதே தண்ணீர்தான்.

"ஐஸ்ல வைங்கக்கா," என்றார்.

திரும்பும்போது புட்டியம்மா தானாகவே சொன்னார். "படிவத்துல தண்ணி என்ன நிறம், என்ன நாத்தம், மணி எத்தனை, அவ்வளவுதான் கேக்குது. யாரு நின்னாங்கன்னு கேக்கிற கட்டமே கிடையாது. நீ பயப்படாதே." தோணிக்காரரும் பயப்படாமல் இருக்கப் பார்த்தார்.

நாலு நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஊர் பம்பை மூன்று நாள் நிறுத்தி, லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். அலுவலகத்துப் பெரியவர் புட்டியம்மாவைக் கூப்பிட்டு நல்ல வேலை என்றார், அடுத்த முறை போன் செய்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். ஒரு வாரம் கழித்து ஆலையிடமிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. ஆலையில் சுத்திகரிப்பு முறையாக நடக்கிறது, அன்று காலை வால்வு ஊழியர் ஒருவர் யாருடைய உத்தரவும் இல்லாமல் தானாகவே கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார், பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, அவரை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, விசாரணைக்கு ஒத்துழைப்போம். கட்டமே இல்லாத பெயரை ஆலையே எழுதிக் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மூடு என்றும் திற என்றும் வந்த உத்தரவெல்லாம் போனில் வந்தவை. போனுக்கு ஏது கையெழுத்து?

பதில் வந்த அன்று குழாயடியில் தங்கைதான் இருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"உன் ஆத்தைக் காப்பாத்த என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாராண்ணா?"

"நான் லீவு போடச் சொன்னேம்மா."

"சொன்னியாம். அவரும் சொன்னார்." அவள் அழவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "பத்தொன்பது வருஷம் அந்தச் சக்கரத்தைச் சுத்தியிருக்கார். இப்போ கேஸு வரும், ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும்னு ஆலைக்காரங்க ஆள் விட்டுச் சொல்றாங்க."

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். வேலையில்லாத ஐந்து நாளில் தாடி வளர்ந்திருந்தது.

"அவரைத் திட்டாதே. மச்சான், லீவு போட்டிருந்தா, இத்தனை வருஷமா இல்லாம இன்னைக்கு மட்டும் ஏன் லீவுன்னு கேட்டிருப்பாங்க. மூடியிருந்தா, போன் வராம உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பாங்க. எப்படிப் பார்த்தாலும் உங்க பேர்தான் வரும். அதுவுமில்லாம என் இடத்துல நிக்கப்போறவன் சின்னப் பையன், போன மாசம்தான் சேர்ந்தான். அவனை மாட்டி விடவா?"

தோணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை தன்னை இத்தனை யோசித்திருக்கிறார், தானோ அந்தப் பையனை எவனோ என்று ஒதுக்கினோம் என்று நினைக்க முகம் எரிந்தது. "நான் வந்து சொல்றேன் மாப்பிள்ளை. மாசாமாசம் போன் வந்ததை, நீங்க மூடினதை, எல்லாத்தையும் விசாரணையில சொல்லிடறேன்."

"சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. "கேட்டா சொல்லுங்க."

அடுத்த வாரம் விசாரணை, வால்வு மேடையிலேயே நடந்தது. பெரியவரும் ஆலை மேலாளரும் சாலை வழியாக வந்து, நிழலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்து அறிக்கையோடு சேர்க்க ஓர் எழுத்தர் வந்திருந்தார். அளவெடுத்த அதே இடத்தில் தோணி நிற்க வேண்டும், அப்போதுதான் தூரம் தெரியும் என்று உத்தரவு. சங்கிலியை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். தோணிக்காரரும் புட்டியம்மாவும் தோணியில் வந்தபோது, மாப்பிள்ளை முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். குழாயிலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர் மெல்லியதாக வழிந்துகொண்டிருந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்," என்று தோணிக்காரர் தோணியிலிருந்தே கூப்பிட்டார். "மாசாமாசம் அளவு நாள்ல..."

"இருப்பா, முதல்ல படம்," என்றார் பெரியவர்.

மேலாளர் மாப்பிள்ளையிடம் சாந்தமாகச் சொன்னார். "அன்னைக்கு எப்படித் திறந்தியோ அப்படியே செஞ்சு காட்டு. வேற ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்தார். தலையை நிமிர்த்தி ஆற்றைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார். கைகள் சரசரவென்று சுற்றின. குழாயில் வழிந்த தண்ணீர் நூலாக இளைத்து நின்றுபோனது.

"ஏங்க, அது மூடுற பக்கம்," என்றார் எழுத்தர். "இடது பக்கம் சுத்துங்க. திறக்கணும்."

மாப்பிள்ளை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயத்துல தடுமாறுறான்," என்றார் மேலாளர்.

"தடுமாறலீங்க." புட்டியம்மா தோணியில் எழுந்து நிற்கப் பார்த்தார். தோணி ஆடியதும் உட்கார்ந்துகொண்டார். "எங்க தோணியைப் பார்த்தா அந்தக் கை மூடத்தான் செய்யும். யாரு பழக்கினாங்கன்னு கேட்டு எழுதிக்குங்க."

பெரியவர் பேனாவை எடுத்தார். மேலாளரைப் பார்த்தார். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினார்.

"அம்மா, நீங்க தண்ணியைப் பத்தி மட்டும் சொன்னா போதும்."

ஓட்டம் தோணியை மெல்லக் கீழே தள்ளியது. படத்தில் தோணி விழவில்லை, கொஞ்சம் மேலே வரச் சொல்லுங்கள் என்று எழுத்தர் கையைக் காட்டினார். தோணிக்காரர் இரண்டு வலி வலித்து மேலே வந்து, துடுப்பைத் தண்ணீருக்குள் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தோணியை அசையாமல் பிடித்தார். மேடையில் மாப்பிள்ளை உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு இடது பக்கம் சுற்றினார். முதல் படத்தில் வெயில் விழுந்துவிட்டது. இரண்டாவதில் முகம் தெரியவில்லை. மூன்றாவதுக்குக் கொஞ்சம் தலையை நிமிர்த்தச் சொன்னார்கள், அவரும் நிமிர்த்தினார்.